நூற்றாண்டுக்கு ஆறடி

சென்ற ஜூலையில் வந்தவர்கள்
குறிப்பிடத்தக்க தாவரம் ஏதுமில்லை
என்று எழுதிவிட்டுப் போயிருந்தார்கள்.
பொய்யில்லை.
ஜூலையில் இங்கே முட்புதரும் கொசுவும் இருட்டும்தான்.

நான் வந்தது ஏப்ரல் ஒன்பது.
சாலை நிறுவனத்தின் மஞ்சள் சட்டை,
ஐம்பது மீட்டர் நாடா,
பையில் நசுங்கிய முட்டை சாண்ட்விச்.
ஓக் மரங்கள் இன்னும் துளிர்க்கவில்லை.
வானம் தடையில்லாமல் தரைவரை இறங்கியது.
கூரை மூடுவதற்குள் ஐந்தாறு வாரம்;
அதற்குள் பூத்து, காய்த்து,
இலையையும் சுருட்டிக்கொண்டு
மண்ணுக்குள் போய்விட வேண்டும்.

புத்தகத்தில் அனிமோன்.
இந்த எல்லைப்புறத்தில் காற்றுப்பூ.
விரல்நீளத் தண்டு, மேலே வெள்ளை,
திருப்பிப் பார்த்தால்
குளிரில் சிவந்த காதுமடல் நிறம்.
கால் வைக்க இடமில்லாமல்
கொக்கு மாதிரி நின்றேன்.
ஒரு சதுர மீட்டரில் நூற்றுப் பதினேழுவரை எண்ணியிருப்பேன்,
மேகம் வந்தது.
அத்தனையும் தலைகவிழ்ந்து மூடிக்கொண்டன,
கரும்பலகைக்கு யாரை அழைப்பாரோ என்று
மேசைக்குள் முகம் புதைக்கும் பிள்ளைகள்போல.

காத்திருந்தேன்.
ஹேசல் புதருக்குள் ரம்பச் சத்தம்.
நெஸ்டா ப்ராசர்,
என் வயதுதான், என்னைவிட நல்ல முழங்கால்.
ஆண்டுக்கு ஒரு துண்டுக் காட்டை
அடியோடு வெட்டுவாள்.
அவள் வெட்டிய இடத்தில்தான்
பூ நெருக்கியடித்து நிற்கிறது.
காட்டைத் தொடாதே என்று பதாகை பிடிப்பவர்களும்
அவளை வைகிறார்கள்,
சாலைக்காரர்களும் வைகிறார்கள்.

"இதையெல்லாம் என்ன பண்ணப்போறீங்க?"
மண்ணோடு வாரி லாரியில் ஏற்றி
ஆறு கிலோமீட்டர் தள்ளி, பழைய பார்லி வயலில்
பரப்பப் போகிறோம் என்றேன்.
எனக்கே பாடம் ஒப்பிப்பது போலிருந்தது.
நெஸ்டா ரம்பத்தின் பல்லைத் துடைத்தாள்.
"பார்லிக்கு ஓக் நிழல் என்னன்னு தெரியுமா?"

மேற்கே காடு முடிகிற இடத்தில்
தேவாலயத்தின் கல்சுவர்.
ஒரு பனிக்காலத்தில் சரிந்ததாம்; யாரும் கட்டவில்லை.
அந்த உடைசல் வழியே
காற்றுப்பூ உள்ளே நுழைந்திருக்கிறது,
அனுமதிச் சீட்டு இல்லாமல்.

சுவரை ஒட்டிக் கடைசிக் கல்லறை.
ஈனோக் போட்லர், மரம்வெட்டி, 1908.
கால் காட்டுப் பக்கம், தலை கோயில் பக்கம்.
காலடியில் ஏறி, முழங்கால் கடந்து,
நெஞ்சு கடந்து நிற்கிறது வெள்ளை.
நாடாவை விரித்தேன்.
தலைக்கல்லைத் தொட இன்னும் இரண்டு அங்குலம்.

இந்தப் பூ விதையை நம்புவதில்லை.
இருட்டில் வேரை நீட்டி நீட்டி
நூறு ஆண்டுக்கு ஆறடி நடக்கும்.
அப்படியானால் ஈனோக்கைக் கடக்க
ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு ஆகியிருக்கிறது.
மீதி இரண்டு அங்குலத்துக்கு
மூன்று வசந்தம் வேண்டும்.
சாலை வேலை தொடங்கப் பதினான்கு மாதம்.

ஆனால் வரைபடத்தில்
சாலை சுவருக்கு அந்தப் பக்கத்தோடு நின்றுவிடுகிறது.
திருச்சபை நிலம்; தொடக் கூடாது.
செத்தவர்களுக்குச் சட்டம் இருக்கிறது.
ஆக, இந்தக் காட்டில் மிஞ்சப்போவது
ஈனோக்கின் மேல் கிடக்கிற இந்தப் போர்வை மட்டும்.

நெஸ்டாவிடம் சொன்னேன்.
"ஆயுசுக்கும் வெட்டினவன், வெச்சிருக்கட்டும்" என்றாள்.
சிரித்தாளா தெரியவில்லை,
தூறலுக்குத் தொப்பியை இறக்கியிருந்தாள்.

படிவத்தில் கடைசிக் கேள்வி:
இயற்கையாக மீண்டும் பரவ
எத்தனை ஆண்டு ஆகும்?
சாலையின் அகலம் நாற்பது மீட்டர்.
நனைந்த தாளில் பேனா எழுதவில்லை,
நெஸ்டாவின் தச்சுப் பென்சிலை வாங்கிக்
கணக்குப் போட்டேன்.
கட்டத்தில் இரண்டு இலக்கத்துக்குத்தான் இடம்.

இரண்டாயிரத்து இருநூறு
என்று ஓரத்தில் எழுத்தால் எழுதினேன்,
தார் பூ நடக்கும் வழியாக இருந்தால்.

தூறல் விட்டது.
என் பூட்ஸ் தடத்துக்குள்
மிதிபட்ட ஒன்று மெல்லத் தலை தூக்கியது.
எண்ணினதில் இதைச் சேர்த்தேனா என்று
நினைவில்லை.
முதலிலிருந்து எண்ணத் தொடங்கினேன்.